நெசவு கற்ற துறவி

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் நான் இருந்தபோது, திருச்சபை வரலாற்று நூல் ஒன்றின் கையெழுத்துப் படி வந்தது. எழுதியவர் வயதானவர். கை நடுக்கத்தில் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒரு பக்கத்தில் ‘மடத்தை விட்டு வந்தபின் ஸ்ட்ராஸ்பூர்கில் நேசம் கற்றார்’ என்று கோத்திருந்தார்கள். துறவியைப் பற்றிய வரி, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். இரண்டாம் மெய்ப்பில் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தியிருந்தார்: நெசவு.

அந்த வெட்கத்தில்தான் அந்த வரியில் வந்த துறவியான வோல்ஃப்காங் முஸ்குலுஸைத் தேடிப் படித்தேன். 1497இல் லொரேன் பகுதியின் டியூஸ் ஊரில், பீப்பாய் செய்பவரின் மகனாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் லிக்ஸ்ஹைம் பெனடிக்ட் மடத்தில் சேர்ந்தார். திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் எழுத்துகளை அங்கேயே படித்து மனம் மாறினார். 1527இல் மடத்தின் தலைமைப் பொறுப்பு தேடி வந்தபோது அதை மறுத்து வெளியேறினார். ஸ்ட்ராஸ்பூர்க் சென்று மார்கரேத்தா பார்த்தை மணந்தார்.

இதற்குப் பிந்தைய சில மாதங்களைப் பல நூல்கள் ‘வறுமையில் வாடினார்’ என்ற ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கோ அதுதான் அவர் வாழ்வின் நடுப்பகுதி. மனைவி ஒரு போதகர் வீட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். லத்தீனில் தேர்ந்த முப்பது வயதுக்காரர், ஒரு நெசவாளியிடம் தறி பழக உட்கார்ந்தார். அந்த நெசவாளி, குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத மறுஞானஸ்நானக் குழுவினர் பக்கம் நின்றவர். விசுவாசத்தைப் பற்றிய வாக்குவாதத்தில் அந்த வேலையும் போனது. நகரத்து மதில் வேலைக்குக் கூலியாளாக மண் வெட்டப் போவதென்று முடிவு செய்தார். பதினைந்து ஆண்டு மடத்து வாழ்வுக்குப் பின் மண்வெட்டி! அதில் அவர் இழிவு எதையும் காணவில்லை என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அப்போது கைகொடுத்தவர் ஸ்ட்ராஸ்பூர்க் சீர்திருத்தவாதி மார்ட்டின் பூட்சர். அவரும் ஒரு காலத்தில் டொமினிக் சபைத் துறவி. அவருடைய கையெழுத்து அச்சுக்கோப்பவர்களைத் திணறடித்தது. எழுதிய அவரே சில இடங்களில் வாசிக்கத் தடுமாறுவாராம். முஸ்குலுஸ் அதை வாசித்தார், அச்சுக்குப் படியெடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்துக் கிராமமான டோர்லிஸ்ஹைமில் பிரசங்கித்தார்.

இந்த வேலை எனக்குத் தெரியும். பிறர் கையெழுத்தைக் கண் மட்டும் வாசிப்பதில்லை. எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல்லை அவர் எழுதுவார், எங்கே அவசரப்படுவார், எங்கே தயங்குவார் என்பதெல்லாம் பிடிபட வேண்டும். அதுவரை தன் சொற்களை ஓரமாக வைத்துவிட வேண்டும். நான் நேசம் என்று விட்டது, என் சொல்லை ஆசிரியர் வாயில் வைத்ததால்தான்.

பின்னர் முஸ்குலுஸ் 1531 முதல் ஆக்ஸ்பர்க் நகரின் போதகரானார். கிரேக்கம் கற்று, பழைய கிரேக்கத் திருச்சபை நூல்களை லத்தீனில் பெயர்த்தார். 1548இல் பழைய கத்தோலிக்க வழிபாட்டு முறைகளை மீண்டும் கொண்டுவரச் சொன்ன பேரரசரின் ‘இன்டெரிம்’ சட்டத்தை நகரம் ஏற்றபோது, குடும்பமும் வருமானமும் இருந்தும், ஊரையே விட்டுக் கிளம்பினார். மறு ஆண்டு பெர்ன் நகரம் அவரை இறையியல் ஆசிரியராக அழைத்தது. 1563இல் அங்கேயே இறந்தார்.

இறுதி மெய்ப்பு வாங்க ஆசிரியர் அச்சகத்துக்கு வந்தபோது, “ஐயா, இவர் படியெடுத்ததைப் பற்றி ஒரு வரி சேர்க்கலாமா?” என்று கேட்டேன். அவர் பேனாவை வாங்கி, ஓரத்தில் மெதுவாக எழுதினார். கணினியில் கோக்கும் தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் வாசித்தேன், அவர் தட்டினார்.