65 டிகிரியில் என் தங்கச்சி

தண்டையார்பேட்டையில் பனி என்றால் அது மார்கழிப் பனிதான். நிறுத்தி வைத்த பைக் சீட்டை நனைக்கும், மாடியில் காயப்போட்ட துணியை மறுபடி ஈரமாக்கும், போகியன்று டயர்ப் புகையோடு கூட்டணி வைத்து எதிர்வீட்டை மறைக்கும். அவ்வளவுதான் அதன் வீரம். ஆனாலும் 20 டிகிரிக்கே எங்கள் தெரு முழுக்கக் குரங்குக் குல்லாவில் திரியும்.

அதனால்தான், அமெரிக்காவில் டென்வர் நகரத்துக்குக் குடிபோன என் தங்கச்சி போன குளிர்காலத்தில் போன் செய்து, "இன்னிக்கு 20 டிகிரிம்மா, வெளிய தலைகாட்ட முடியல" என்று புலம்பியபோது அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இங்கயும் அதேதான்டி. குல்லாவ மாட்டிக்கினு வேலையப் பாரு."

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். "இன்னிக்கு நல்லாருக்கும்மா, 65. ஜன்னலெல்லாம் திறந்து வெச்சிருக்கேன்."

அம்மா போனை அப்படியே கிரைண்டர் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கத்திரி வெயிலில் 42 வந்தாலே இங்கே நாய்கூட லாரிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். 65 என்றால்? திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு, வேலையில் இருந்த எனக்குப் போன் போட்டாள். "உன் தங்கச்சி வேகறாடா."

வீட்டுக்கு வந்து விளக்கினேன். அவர்கள் சொல்வது பாரன்ஹீட். அந்த 20 நம் கணக்கில் மைனஸ் 7. அந்த 65 வெறும் 18. அம்மாவுக்கு ஒன்றும் ஏறவில்லை. மாத்திரை டப்பாவிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டி, "ஜுரம் 101னு சொல்றோம்ல, அந்த டிகிரிம்மா" என்றேன். உடனே பிடிபட்டது.

"அப்ப அவங்க ஊருக்கே ஜுரம் பாக்குறாங்களா?"

அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டே நாளில் மைனஸிலிருந்து 18-க்கு எப்படி ஏறும் என்பது அம்மாவின் அடுத்த கேள்வி. டென்வருக்கு மேற்கே ராக்கி மலைத்தொடர். அங்கிருந்து வரும் காற்று தன் ஈரத்தையெல்லாம் மலை மேலேயே கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் சரிவில் இறங்க இறங்கச் சூடேறி வரும். சினூக் என்று பெயர். கிழக்கிலிருந்து ஈரக்காற்று வந்து மலை பக்கமாக மேலே ஏறினால்தான் ஊருக்குள் பெரும்பாலும் கனத்த பனி.

"மலை மேலயா குடியிருக்கா?"

"மலையடிவாரம்தான். ஆனா ஊரே 1609 மீட்டர் உயரம், ஒரு மைல். ஏற்காட்டைவிடக் கொஞ்சம் மேல, ஊட்டியைவிடக் கீழ."

"ஊட்டியவிடக் கீழயா? அப்ப ஊட்டியில ஏன் அப்டிக் கொட்டல?"

நியாயமான கேள்வி. ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி, டென்வர் கிட்டத்தட்ட 40 என்றேன். "அது வேற டிகிரிம்மா" என்று சொன்னபோது அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மார்ச் மாதம் இங்கே வியர்க்கத் தொடங்கியது. அங்கேயும் குளிர் முடிந்திருக்கும் என்று பார்த்தால், பனி அதிகமாகக் கொட்டுகிற மாதமே அதுதானாம். 2021 மார்ச்சில் ஒரே வாரக்கடைசியில் 27 அங்குலம் கொட்டியிருக்கிறது. தங்கச்சி வீடியோ காலில் வந்தாள். மாப்பிள்ளை முழங்கால் வரை பனியில் நின்று வீட்டு வாசலை வாரிக்கொண்டிருந்தார். அவரவர் வாசல் நடைபாதையை அவரவர்தான் சுத்தம் செய்ய வேண்டுமாம்.

பக்கத்து வீட்டு ஐஸ் நைனாவைக் கூப்பிட்டோம். காசிமேட்டில் முப்பது வருடம் ஐஸ் பாரைக் கொக்கியால் இழுத்து, மிஷினில் விட்டு உடைத்து, மீன்பிடி போட்டுக்கு ஏற்றியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"இது இன்னா ஐஸு? சொம்மா காத்து. இத நம்பி வஞ்சரத்த வெச்சா துறைமுகம் வர்றதுக்குள்ள நாறிடும்."

நைனா சொன்னதில் விஷயம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு அங்குலப் பனியை உருக்கினால் தண்ணீர் ஒரு அங்குலம்தான் தேறும், மீதி காற்று. அதுவும் டென்வர் வெயிலுக்கு ஒன்றிரண்டு நாளிலேயே உருகத் தொடங்கிவிடும்.

உருகும் என்ற சொல் அம்மா காதில் விழுந்ததுதான் தாமதம். வண்ணவண்ணப் பிளாஸ்டிக் குடத்தோடு தண்ணி லாரிக்குப் பாதி வாழ்க்கையைக் கொடுத்தவள் அவள். "கூரையிலேர்ந்து ஒழுகுறதெல்லாம் தண்ணியாச்சேடி! டிரம்ம வெச்சுப் புடி!"

"ரெண்டு டிரம்முக்கு மேல வெக்கக் கூடாதும்மா, சட்டம்" என்றாள் தங்கச்சி.

நிஜம். கொலராடோவில் கூரைத் தண்ணீரைச் சாதாரண வீட்டுக்காரர்கள் பிடிக்கலாம் என்று சட்டம் வந்ததே 2016-இல்தான். அதுவும் இரண்டு பீப்பாய், மொத்தம் 110 கேலன், நம் கணக்கில் சுமார் 416 லிட்டர். ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு அந்தத் தண்ணீரில் உரிமை உண்டு என்பது காரணம். இங்கேயோ மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டாயம்.

"வானத்துத் தண்ணிக்குக்கூட பட்டா போட்டுட்டாங்களா?" என்றார் நைனா. அந்த நாளிலிருந்து அவருக்கு அமெரிக்கா மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

இந்தப் பொங்கலுக்குத் தங்கச்சி வந்தாள். முதல் நாள் விடிகாலை அரைக்கை டீ சர்ட்டோடு வாசலில் நின்று டீ குடித்தாள். அம்மா குல்லாவோடு பின்னாலேயே ஓடினாள். "பனியில நிக்காதடி!"

"இதுக்குப் பேரு பனியாம்மா? நான் மைனஸ்ல வாசல் வாரினவ."

மூன்றாம் நாள் அவளுக்கு மூக்கு ஒழுகியது. ராத்திரி உடம்பு கொதித்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை. ரசத்தில் மிளகைக் கூடப் போட்டாள், குல்லாவை இழுத்து மாட்டிவிட்டாள், தெர்மாமீட்டரை வாயில் வைத்து எடுத்து டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"101. உங்க ஊர் டிகிரிதான்" என்றாள்.