கோத்தகிரியில் ஏறி, கோத்தகிரியிலேயே இறங்குங்கள்

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரியும். நேரே போனால் குன்னூர், வலப்பக்கம் திரும்பினால் கோத்தகிரி. விடிகாலை ஐந்தே முக்காலுக்கு இந்த இடத்தில் சைக்கிளோடு நின்று எந்தப் பக்கம் போகலாம் என்று பல ஞாயிற்றுக்கிழமைகள் யோசித்திருக்கிறேன். இப்போது யோசிப்பதில்லை. வலப்பக்கம்தான்.

கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஞாயிறு பட்டறைக்கு லீவு. ஆம்னி வேனின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு சைக்கிளைப் படுக்கப்போட்டு, தெரிந்தவர் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு ஏற ஆரம்பிப்பேன். நீலகிரிக்குச் சைக்கிளில் ஏறும் ஆசையில் நண்பர்கள் சிலர் எந்த வழி நல்லது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் ஒரு கணக்கு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். குன்னூர் 1,700-க்குக் கொஞ்சம் மேல், கோத்தகிரி சுமார் 1,800. இரண்டு சாலையும் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் இரண்டிலுமே நூறு மீட்டருக்கு நான்கு, நான்கரை மீட்டர் ஏற்றம் வரும். இதில் என்ன இருக்கிறது என்றுதான் முதல் தடவை குன்னூர் பக்கம் போனேன். பாக்குத்தோப்பு நிழலில் கல்லாறு வரை சமதளம். நானும் மச்சானும் பேசிக்கொண்டே மிதித்தோம். ‘மலை எங்க மாப்ள?’ என்றுகூடக் கேட்டான். கல்லாறு தாண்டியதும் பேச்சு நின்றது. அந்த எட்டு கிலோமீட்டர் சும்மா விட்ட உயரத்தையெல்லாம் மிச்சமுள்ள 25 கிலோமீட்டருக்குள் சாலை வசூலிக்கிறது. சராசரி என்பது இப்படித்தான் ஆளை ஏமாற்றும். கோத்தகிரி சாலையில் ஏற்றம் சீக்கிரமே ஆரம்பித்துவிடும். ஆனால் ஆரம்பித்த மாதிரியே கடைசி வரை போகும். மூச்சும் காலும் ஒரு தாளத்தில் உட்கார்ந்துவிட்டால், கோத்தகிரிக்குச் சற்று முன்னால் வரும் அரவேணு வரை அதே தாளம்தான்.

கியர் பற்றிச் சொல்லாவிட்டால் பட்டறைக்காரன் என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை. நான் வாங்கும்போது சைக்கிளில் முன்பக்கம் சின்னப் பற்சக்கரத்தில் 34 பல், பின்பக்கம் பெரிய பற்சக்கரத்தில் 28 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் வேகம். என் 46 வயதுக் காலுக்கு ஏற்றத்தில் அந்த வேகம் கிடையாது. அதனால் சுற்று 40-க்கு இறங்கி, ஒவ்வொரு மிதியும் மூட்டில் போய் உட்கார்ந்தது. பின்பக்கம் 34 பல் வரை உள்ள கேசட் (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு) மாற்றினேன். முன்னே 34, பின்னே 34. ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் சொச்சம்தான். மணிக்கு ஏழரை கிலோமீட்டர். தெருநாய் நின்று பார்க்கிற வேகம். ஆனால் முட்டி வலி போய்விட்டது. மலைக்கு வருகிறவர்கள் லேசான சைக்கிளுக்கு லட்சங்களைக் கொட்டும் முன் பின்சக்கரப் பல்லை எண்ணிப் பாருங்கள்.

மலை ரயிலுக்கும் இதே பாடுதான். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் விட்டபோது கல்லாறுக்கு மேல் சாதாரணச் சக்கரம் வழுக்கும் என்று தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த கம்பி போட்டார்கள். எஞ்சினுக்கு அடியிலிருக்கும் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். அதிகபட்ச ஏற்றம் 12 அடிக்கு ஓர் அடி. நூற்றுக்கு எட்டேகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி சாலையின் சராசரியே ஏறத்தாழ அவ்வளவு வரும். 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒரே ஒரு தடவை போனேன். 11-ஆவது வளைவிலிருந்து இறங்கித் தள்ளினேன். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். இறங்குவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நானும் யோசிக்கவில்லை, அன்றைக்குக் குன்னூர் சாலையில் பர்லியாறுக்குக் கொஞ்சம் மேலே முன்சக்கர டியூப் துப்பாக்கி மாதிரி வெடிக்கும் வரை. குன்னூரிலிருந்து இறங்கும்போது முன்னால் ஒரு லாரி, பின்னால் வரிசையாகக் கார்கள். முந்தவும் முடியாது, நிற்கவும் இடமில்லை. பத்து கிலோமீட்டர் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தேன். என்னுடையது ரிம்மைக் கவ்வும் பழைய பிரேக். ரப்பர் உரசி உரசி ரிம் சூடேறி, உள்ளே காற்று விரிந்து, கடைசியில் டயர் தாங்கவில்லை. சைக்கிள் தடுமாறியது, தடுப்புச் சுவரில் தோள் உரசியது, நின்றுவிட்டேன். நல்லவேளை வளைவு இல்லை. டியூப் மாற்றலாம் என்று சக்கரத்தைப் பிடித்தேன். விரல் நுனி தோசைக்கல்லில் பட்ட மாதிரி சுரீர் என்றது. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றலாமா என்று மச்சான் கேட்டான். சூடான இரும்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று பட்டறையில் தினமும் பார்க்கிறவன் நான், இது அலுமினியம் என்றாலும் மனசு வரவில்லை. சுவரில் உட்கார்ந்து கால்மணி நேரம் காத்திருந்தோம். கீழே கல்லாறுப் பக்கமிருந்து ரயில் ஊதும் சத்தம் மட்டும் கேட்டது.

அதிலிருந்து பிரேக்கைத் தொடர்ந்து பிடிப்பதில்லை. வளைவுக்கு முன் இரண்டு கையாலும் அழுத்தமாக ஒரு பிடி, வேகம் குறைந்ததும் முழுசாக விட்டுவிட வேண்டும். நேர்ச்சாலையில் ரிம்முக்குக் காற்று பட வேண்டும். அதற்குச் சாலையில் இடம் வேண்டுமே. குன்னூர் சாலையில் அந்த இடம் கிடைப்பதில்லை, கோத்தகிரியில் கிடைக்கிறது. இறங்கும்போது ஏறிவரும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பதையும், வளைவில் பேருந்து அகலமாகத் திரும்பும்போது உள்பக்க இடைவெளியில் நுழையக் கூடாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். அந்த இடைவெளி மூடிக்கொள்ளும்.

கோத்தகிரி சாலையிலும் ஒரு விஷயம் உண்டு. கோடையில் நான் போவதில்லை. சீசன் நேரத்தில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். நீங்கள் ஏறும்போது மொத்தக் கூட்டமும் எதிரே இறங்கும். அதோடு குஞ்சப்பனை பக்கம் பலா பழுக்கும் காலம். யானை பலாப்பழத்துக்கு வரும். போன வருடம் ஜூனில் ஆசைப்பட்டுப் போய், அங்கே ஒரு டீக்கடைப் பெரியவரிடம் மாட்டிக்கொண்டேன். ‘ஏனுங் தம்பி, சைக்கிள்லயேவா வந்தீங்? மேல ரெண்டு நிக்குதுங். காருக்குள்ள இருக்கறவனே கண்ணாடிய ஏத்திக்கிறான், நீங்க பேசாம டீ குடிங்.’ இரண்டு டீயும் ஒரு பன்னும் ஆன பிறகு, ஒரு பேருந்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு கீழே திரும்பிவிட்டேன். மஞ்சூர் மலைப்பாதையை நான் யாருக்கும் சொல்லாததற்கும் யானைதான் காரணம். வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை வழியாக 43 வளைவுகள், ஆள் நடமாட்டமே இல்லாத காடு. அழகு என்றால் அப்படியொரு அழகு. தனியாகப் போகக் கூடாது.

அதனால் என் மாதம் டிசம்பர், ஜனவரி. தண்ணீருக்கு இரண்டு பாட்டில் கொண்டுபோங்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் விற்கத் தடை, கடைகளில் கேட்டால் குடத்திலிருந்து பிடித்துத் தருவார்கள். இன்னொன்று, ஏறும்போது வேர்த்த பனியனோடு இறங்கினால் குளிர் நெஞ்சைப் பிடித்துவிடும். கோத்தகிரி மார்க்கெட்டில் பஜ்ஜி கடைக்காரரிடம் பழைய செய்தித்தாள் இரண்டு தாள் வாங்கி, பனியனுக்கும் ஜெர்சிக்கும் நடுவில் செருகிக்கொள்வேன். எந்த விலையுயர்ந்த ஜாக்கெட்டும் இவ்வளவு காற்றைத் தடுத்து நான் பார்த்ததில்லை. எண்ணெய் படாத தாளாகக் கேட்டு வாங்குங்கள்.

போன ஞாயிறு பத்து மணிக்குக் கோத்தகிரியில் இருந்தேன். வீட்டுக்காக அரைக்கிலோ வர்க்கி வாங்கி, ஜெர்சியின் முதுகுப் பையில் திணித்துக்கொண்டு இறங்கினேன். மேட்டுப்பாளையத்தில் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தூள். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு கிண்ணத்தில் கொட்டி ஸ்பூன் போட்டு என் டீக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.