‘வந்தால்’, ‘வந்திருந்தால்’: இஃப் வாக்கியங்களை நான் பழகிய விதம்

ஆங்கிலத் தேர்வுக்குப் படித்த நாட்களில் எனக்கு மதிப்பெண் போனது பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான். ஒன்று, இஃப் போட்டு வரும் கண்டிஷனல் வாக்கியங்கள். இன்னொன்று, டு போட்டு வரும் இன்ஃபினிட்டிவ். முதல் வகை (நடக்கக்கூடியது), இரண்டாம் வகை (இப்போதைய நிலைக்கு மாறான கற்பனை), மூன்றாம் வகை (நடக்காமல் போனது) என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். விதி எல்லாம் தெரியும். ஆனாலும் கோடிட்ட இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். ஒருநாள் பழைய மாதிரித் தேர்வுத் தாள்களை எடுத்து, நான் தப்பு விட்ட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அதையே தமிழில் எழுதிப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது.

முதல் தப்பு, ‘இஃப் இட் வில் ரெயின்’. மழை நாளைக்குத்தானே, எதிர்காலம்தானே என்று மனம் ‘வில்’ என்ற சொல்லைத் தேடுகிறது. சரி, தமிழில் எப்படிச் சொல்கிறோம்? ‘நாளை மழை பெய்தால் வரமாட்டேன்’. ‘பெய்வால்’ என்று ஒரு சொல்லே நம்மிடம் கிடையாது. எதிர்காலத்தைப் பின்பாதிதான் சுமக்கிறது. ஆங்கிலமும் அப்படியே: ‘இஃப் இட் ரெயின்ஸ், ஐ வோன்ட் கம்’. இதைக் கண்ட பிறகு அந்தத் தப்பு என்னிடம் திரும்ப வரவில்லை. (‘தயவுசெய்து காத்திருப்பீர்களானால்’ என்ற பணிவான பொருளில் ‘இஃப் யூ வில் வெயிட்’ என்று வருவதுண்டு. தேர்வுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.)

எல்லோரும் பயப்படுகிற மூன்றாம் வகைதான் உண்மையில் நமக்கு ரொம்பச் சுலபம். ‘நீ கூப்பிட்டிருந்தால் நான் வந்திருப்பேன்’. ‘இஃப் யூ ஹேட் கால்ட், ஐ வுட் ஹேவ் கம்’. கூப்பிட்டு, இருந்தால், வந்து, இருப்பேன். ‘இரு’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ஹேவ் வருகிறது, முன்பாதியில் அது ஹேட் ஆகிறது. தமிழ் வாக்கியம் வாயில் இருந்தாலே ஆங்கில வாக்கியம் பாதி தயார்.

சிக்கல் இரண்டாம் வகையில். என் நேரத்தில் பெரும்பகுதியை இங்கேதான் செலவழித்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ‘நேரம் இருந்தால் படிப்பேன்’ என்கிறோம். சாயங்காலம் நேரம் கிடைக்கலாம் என்றால் அது ‘இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் ரீட்’. மூச்சுவிட நேரமில்லாதவர் ஏக்கத்தோடு சொன்னால் ‘இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் ரீட்’. தமிழில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம் போதும். குரலும் சூழலும் மீதியைச் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் வினைச்சொல்லே அந்த வேறுபாட்டைக் காட்டியாக வேண்டும். இதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனை: வாக்கியத்தின் கடைசியில் ‘ஆனால் இல்லையே’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘நேரம் இருந்தால் படிப்பேன், ஆனால் இல்லையே’. ஒட்டிக்கொண்டால் இரண்டாம் வகை. ஹேட் என்பது இறந்தகாலம் மாதிரி தெரிந்தாலும் பேச்சு இப்போதைய நிலையைப் பற்றியதுதான். ‘இஃப் ஐ வேர் யூ’ என்பதில் ஐக்குப் பக்கத்தில் வேர் வருவதும் இதே கற்பனை நிலைக்காகத்தான். பேச்சில் வாஸ் காதில் விழும். தேர்வில் வேர் எழுதுவதே பாதுகாப்பு.

பயிற்சிக்கு ஒரே பொருளை எடுத்து மூன்று முறை திருப்புவேன். என் அலாரம் கடிகாரம் அதற்கு நன்றாக உதவியது. படுக்கப் போகும்போது: ‘இஃப் தி அலாரம் ரிங்ஸ், ஐ வில் கெட் அப்’. அது கெட்டுப்போன நாட்களில்: ‘இஃப் தி அலாரம் வொர்க்ட், ஐ வுட் கெட் அப் அட் ஃபைவ்’. தாமதமாக எழுந்த காலையில்: ‘இஃப் தி அலாரம் ஹேட் ரங், ஐ வுட் ஹேவ் காட் அப்’. நடந்ததை வைத்து எழுதியதால் எந்த வகை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை, நிலைமையே சொல்லிவிட்டது. 50 கோடிட்ட இடங்களை நிரப்புவதைவிட இப்படி நாளைக்கு மூன்று வாக்கியம் எழுதியது எனக்கு அதிகம் பலன் தந்தது.

அன்லெஸ் வந்தால் மட்டும் நம் தமிழே காலை வாரும். ‘நீ வராவிட்டால்’ என்பதில் எதிர்மறை உள்ளேயே இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் ‘அன்லெஸ் யூ டோன்ட் கம்’ என்று எழுதிவிடுகிறோம். அன்லெஸ்ஸிலேயே அந்த எதிர்மறை அடங்கிவிடுகிறது. ‘அன்லெஸ் யூ கம்’ போதும்.

அப்புறம் இன்ஃபினிட்டிவ். நம் இலக்கணத்தில் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சம் என்கிறார்களே, பேச, பார்க்க, வாங்க, அதுதான் கிட்டத்தட்ட இது. ‘பேச விரும்புகிறேன்’, ‘ஐ வான்ட் டு ஸ்பீக்’. ‘பேசுவது’ என்று வந்தால் பெரும்பாலும் ஐஎன்ஜி வடிவம். இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிவது ஸ்டாப் என்ற சொல்லில். ‘ஹி ஸ்டாப்ட் டு டாக்’ என்றால் பேச நின்றான். ‘ஹி ஸ்டாப்ட் டாக்கிங்’ என்றால் பேசுவதை நிறுத்தினான். ஒன்றில் பேச்சு தொடங்குகிறது, மற்றதில் முடிகிறது.

ஆனால் தமிழை எல்லா இடத்திலும் நம்ப முடியாது. ‘நீ வர வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதில் உள்ள ‘என்று’, ‘ஐ வான்ட் தட் யூ ஷுட் கம்’ என்று எழுத வைக்கும். சரியானது ‘ஐ வான்ட் யூ டு கம்’. என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் மூன்றும் டு வாங்காது, ஐஎன்ஜிதான். மேக் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது: ‘ஹி மேட் மி வெயிட்’ என்பதில் டு இல்லை, அதையே செயப்பாட்டு வினையாக்கினால் ‘ஐ வாஸ் மேட் டு வெயிட்’ என்று டு வந்துவிடும். வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் கேள்விகளில் நான் பல தடவை விட்டது இந்த ஒரு டுவைத்தான். கடைசியில் இரண்டு வாக்கியத்தையும் ஒரு தாளில் மேலும் கீழுமாக எழுதி, தினமும் படிக்கத் தொடங்கும் முன் வாய்விட்டு ஐந்து முறை சொன்னேன். இரண்டாவது வாரத்தில் டு இல்லாமல் சொன்னால் எனக்கே காதில் உறுத்த ஆரம்பித்தது.