சம்பளத் தேதியும் மத்த தேதிகளும்

வேலைக்குப் போய் தனியா தங்க ஆரம்பிச்சவங்க யார கேட்டாலும் சொல்வாங்க, "எவ்ளோ வருது"ன்னு விசாரிக்காத ஆளே கிடையாது. "எந்தத் தேதில வருது, எந்தத் தேதில போகுது"ன்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. என்னைக் கேட்டா டென்ஷன் முக்காவாசி அந்த ரெண்டாவது கேள்வியிலதான் இருக்கு. சம்பளம் மாசக் கடைசில, வாடகை 5, கார்டு பில்லு 18, இன்சூரன்ஸ் வருஷத்துக்கு ஒரு தடவ எப்பயோ... கூட்டிக் கழிச்சா வரவு செலவ விட கொஞ்சம் கூடத்தான் இருக்கும், ஆனாலும் 20-ம் தேதிக்கு மேல நெஞ்சுக்குள்ள ஒரு படபடப்பு, பேங்க் மெசேஜ் சத்தம் கேட்டாலே போன கவுத்து வைக்கத் தோணும்.

வீட்ல இருந்தவரைக்கும் இந்தத் தேதியெல்லாம் அப்பா மண்டையிலயோ அம்மா மண்டையிலயோ ஓடிட்டு இருந்துருக்கு, நமக்குத் தெரிஞ்சதெல்லாம் சுவிட்ச் போட்டா லைட் எரியும். தனியா வந்ததும் அந்த வேலை மொத்தமும் சத்தமில்லாம நம்ம தலைக்கு மாறிடுது, அதுவும் புது வேலை, புது மேனேஜர், துவைக்காத துணின்னு ஏற்கனவே தலைக்கு மேல இருக்கும்போது. "சுதந்திரமா இருக்கியே, உனக்கென்ன"ன்னு கேக்கறவங்கள பாத்தா எனக்கு சிரிப்புதான் வரும்.

இதுல ஒரு ஆராய்ச்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2013-ல சயின்ஸ் இதழ்ல வந்தது, ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் எல்லாம் சேர்ந்து பண்ணது. தமிழ்நாட்டு கரும்பு விவசாயிங்ககிட்ட அறுவடைக்கு முன்னாடி கை இறுக்கமா இருக்கிற நேரத்துல ஒரு தடவ, அறுவடை முடிஞ்சு காசு வந்தப்புறம் ஒரு தடவ, மூளைக்கு வேலை குடுக்கிற டெஸ்ட் வச்சாங்க. அதே ஆளுங்கதான், ஆனா காசு இறுக்கமா இருந்தப்ப எடுத்த டெஸ்ட்ல மோசமா பண்ணிருந்தாங்க. அதனால மாசக் கடைசில சாவிய மறந்துட்டு கதவ பூட்டறது, ஒரு சாதாரண மெயிலுக்கு பதில் எழுத அரை நாள் ஆகறது, ஒன்னுமில்லாததுக்கு ரூம்மேட் மேல எரிஞ்சு விழறது இதெல்லாம் நடந்தா "நான் எதுக்கும் லாயக்கில்ல"ன்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி அன்னிக்கு என்ன தேதின்னு ஒரு தடவ பாருங்க.

சரி என்ன பண்ணலாம்னா, எனக்கு உருப்படியா தோணுறது "திடீர் செலவு"ன்னு நாம பேர் வச்சிருக்கிறதுல பாதிய அந்த லிஸ்ட்ல இருந்து எடுக்கறதுதான். இன்சூரன்ஸ் பிரீமியம் திடீர்னு வர்றதில்ல, வண்டி சர்வீஸ், கல்யாண சீசன், ஊருக்குப் போற டிக்கெட், அடிக்கடி புட்டுக்கிற சார்ஜர், கண்ணாடி மாத்தறது, எல்லாமே வரும்னு தெரிஞ்சே வர்றதுதான், மாசம் மட்டும்தான் தெரியாது. வருஷத்துக்கு இதெல்லாம் மொத்தமா எவ்ளோ ஆகும்னு குத்துமதிப்பா போட்டு 12-ஆல வகுத்து, அத சம்பளம் வந்த மறுநாளே தானா வேற அக்கவுன்ட்டுக்குப் போற மாதிரி வச்சுட்டா, மெயின் அக்கவுன்ட்ல மிச்சம் தெரியுற நம்பர் ஓரளவு நெசமான நம்பரா இருக்கும். இன்னொன்னு, கார்டு பில் தேதிய மாத்திக் குடுங்கன்னு கேட்டா நிறைய பேங்க்ல மாத்திக் குடுப்பாங்க, சம்பளத்துக்குப் பக்கத்துல கொண்டு வந்துக்கலாம். இத யாரும் வந்து சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும்.

கார்டுன்னு சொன்னதும் ஞாபகம் வருது, அந்த "மினிமம் டியூ", அதாவது இந்த மாசம் குறைஞ்சது இவ்ளோ கட்டினா போதும்ங்கிற ஒரு வரி இருக்கு பாருங்க, பில்லுலயே பாக்க ரொம்ப சாதுவா இருக்கிற வரி அதுதான். கட்டாம விட்ட மிச்சத்துக்கு மாசம் 3 சதவீத வட்டின்னு வச்சுக்குவோம், கேக்க கம்மியா இருக்கும், கூட்டு வட்டில போட்டா வருஷத்துக்கு 42 சதவீதத்த தாண்டிடும். மாசா மாசம் பாக்கில 5 சதவீதம் மட்டும் கட்டிட்டு, புதுசா எதுவுமே வாங்காம இருந்தாக்கூட, அந்தக் கடன் பாதியா குறையவே ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆகும். கால்குலேட்டர்ல நீங்களே போட்டுப் பாருங்க. அதுக்கு மேல, பாக்கி வச்சிருக்கிற மாசத்துல பொதுவா புதுசா தேய்க்கிறதுக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சுடும். சேமிப்பு, முதலீடுன்னு வீடியோ வீடியோவா பாக்கறதுக்கு முன்னாடி இத அடைச்சுடுங்க, 42 சதவீதம் நிச்சயமா குடுக்கிற முதலீடு எங்கயும் கிடையாது.

அப்புறம் "சின்னச் சின்ன செலவ குறை, பெருசா சேரும்"ங்கிற அட்வைஸ். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்தான், மறுக்கல. ஆனா ஒவ்வொரு சின்ன ஆசைக்கும் மனசோட சண்ட போட்டு நாள் முழுக்க சோர்ந்து போறத விட, வாடகை எவ்ளோ, ஆபீஸ் எவ்ளோ தூரம், ஈஎம்ஐ எத்தன இருக்கு, இந்த மூனுல ஒன்ன ஒரே தடவ உக்காந்து சரி பண்ணா வருஷம் பூரா அதப்பத்தி யோசிக்கவே வேண்டாம். சின்னச் செலவு பாவம், அத விடுங்க.

தூக்கம் வராத ராத்திரிக்கு ஒரு சின்ன விஷயம். 2018-ல மைக்கேல் ஸ்கல்லின்னு ஒரு ஆய்வாளரும் அவர் டீமும் இளவயசுக்காரங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு, படுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் எழுதச் சொன்னாங்க. அன்னிக்கு முடிச்ச வேலைய எழுதினவங்கள விட இனிமே செய்ய வேண்டியத எழுதினவங்க சீக்கிரம் தூங்கினாங்க, எவ்ளோ விவரமா எழுதினாங்களோ அவ்ளோ சீக்கிரம். நான் பாத்தவரைக்கும் "காசு பிரச்சனை"ன்னு எழுதினா ஒன்னும் ஆகல, "வியாழக்கிழமை ஓனர்கிட்ட 3 நாள் டைம் கேக்கணும்"னு எழுதினாதான் மண்ட அத விடுது.

கடைசியா ஒன்னு. லவ் ஃபெயிலியர், ஆபீஸ் அரசியல், உடம்பு சரியில்லாதது எல்லாத்தையும் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கொட்டறோம், சம்பளமும் கடனும் மட்டும் நம்பரா வாயில இருந்து வராது. வீட்லயும் "எல்லாம் ஓகேம்மா"தான். ஒரே ஒரு ஆள்கிட்டயாவது ரவுண்டா சொல்லாம கரெக்ட் நம்பர் சொல்லுங்க. நான் அப்படி ஒருத்தர்கிட்ட தயங்கித் தயங்கி சொல்லி முடிச்சதும் அவங்க ஆறுதல் சொல்வாங்கன்னு எதிர்பாத்தேன், அவங்க "இரு"ன்னு சொல்லிட்டு போன எடுத்து தன்னோட கடன் கணக்க காட்டுனாங்க, அது என்னோடத விட டபுளா இருந்துச்சு. அதுக்கப்புறம் மாசா மாசம் ரெண்டு பேரும் பில்ல எடுத்து வச்சுட்டு ஒன்னா உக்காந்துதான் கட்டறோம், திட்டிக்கிட்டே.