மக்குவாரி தீவுல பூட்ஸ் தேய்ச்ச வேலை

நான் மக்குவாரி தீவுக்குப் போனது வானிலை வேலைக்கு, பலூன் விடுறது கருவிகளைப் பாத்துக்கறதுன்னு, ஆனா அந்த வேலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாலே எனக்கு முதல்ல வர்றது பூட்ஸ் தேய்ச்சதுதான். டாஸ்மேனியாவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவுல கிடக்கிற ஆஸ்திரேலியத் தீவு அது, நீளம் 34 கிலோமீட்டர், மரம்னு ஒண்ணு கிடையாது, காத்து ஓயவே ஓயாது. வெளியில இருந்து விதையோ உயிரோ எதுவும் தீவுக்குள்ள போயிடக்கூடாதுன்னு, கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே ஜாக்கெட் வெல்க்ரோவுல ஒட்டியிருக்கிற புல் விதையை இடுக்கி வெச்சு ஒவ்வொண்ணா எடுக்கணும், பாக்கெட்டுக்குள்ள வேக்குவம் போடணும், பூட்ஸ் அடியில பிரஷ் விட்டு மண்ணே இல்லாம தேய்க்கணும்.

அந்தத் தீவு பட்ட பாடு தெரிஞ்சா இது அதிகமாத் தெரியாது. 1810ல கண்டுபிடிச்ச பிறகு பூனை, எலி, முயல் எல்லாம் சீல் வேட்டைக்கு வந்த கப்பல்கள்ல வந்து சேர்ந்துச்சு. பறவைகளைத் தின்னு தீர்த்த பூனைகளை 2000க்குள்ள முழுசா ஒழிச்சாங்க, நல்ல காரியம், ஆனா அப்புறம் முயல் பெருகி சரிவுல இருந்த புல்லையெல்லாம் மேஞ்சு மொட்டையாக்க, 2006ல மழைக்கு மண் சரிஞ்சு கிங் பெங்குவின் கூட்டத்து மேலயே விழுந்துச்சு. கடைசியில ஹெலிகாப்டர்ல விஷத்தீனி போட்டு, நாய்களை வெச்சுத் தேடி, 2014ல முயல் எலி சுண்டெலி எதுவும் இல்லைன்னு அறிவிச்சாங்க. அந்த விஷத்துல ஸ்குவா, ஜயண்ட் பெட்ரல்ங்கிற பெரிய கடல்பறவைகளும்கூட நிறைய செத்துச்சு, எனக்கு அது வலிக்கத்தான் செய்யுது, ஆனாலும் செஞ்சது சரிதான்னு சொல்லுவேன்.

ஸ்குவாவுக்குப் பயந்து பிரையான்ங்கிற சின்னக் கடல்பறவைகள் இருட்டினப்புறம்தான் வளைக்குத் திரும்பும், வெளிச்சம் பட்டா குழம்பி வந்து மோதிடும், அதனால பொழுது சாஞ்சதும் ஜன்னலை எல்லாம் மூடிடுவோம். ஒரு தடவை சுவர்ல மோதி விழுந்த ஒண்ணை எடுத்தேன், நீலச் சாம்பல் முதுகு, அலகு மேல சின்னக் குழாய் மாதிரி மூக்கு, கையில கனமே தெரியல, எண்ணெய் கலந்த ஒரு வாசம் மட்டும் கிளவுஸ்ல அப்படியே தங்கிடுச்சு. அட்டைப்பெட்டியில இருட்டா வெச்சிருந்து விடியறதுக்குள்ள விட்டோம், பறந்துடுச்சு.

துறைமுகம் இல்லாததால சரக்கு ஹெலிகாப்டர்லயும் சின்ன போட்லயும்தான் வரும், காத்து இடம் கொடுக்கிற கொஞ்ச நேரத்துல இறக்கணும், அந்த அவசரத்துலயும் ஒரு பெட்டி மேல சந்தேகம் வந்தா நிறுத்திப் பிரிச்சுப் பாப்போம், யாரும் முணுமுணுக்க மாட்டாங்க. சினையா இருக்கிற ஒரே ஒரு எலி இறங்கினா போதும், பிரையான் வருசத்துக்குப் போடுறது ஒத்த முட்டை.