என் கை மடியில் இருந்தது

மார்ச் 4, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளானால் என் மனமே இதை மாற்றிச் சொல்லிவிடும்.

காலை பதினொன்றரை மணி. இணையத்தில் ஏதோ தேடும்போது ஒரு இணைப்பை அழுத்தினேன். திரை முழுக்க நீலமாகி, நடுவில் சிவப்புக் கட்டம் வந்தது. 'உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, அணைத்தால் எல்லாம் அழிந்துவிடும்' என்று ஒரு பெண் குரல் விடாமல் கத்தியது. மூடுவதற்கான பெருக்கல் குறியையே காணோம். கீழே ஒரு தொலைபேசி எண் மட்டும் இருந்தது.

கூப்பிட்டேன். "பதறாதீங்க மேடம், நான் பார்த்துக்கறேன்" என்றார் எடுத்தவர். அதுவரை படபடத்த நெஞ்சு அந்தக் குரலில் அடங்கிப்போனது.

அவர் சொன்னபடி ஒரு மென்பொருளை இறக்கினேன். அதில் வந்த எண்ணைப் படித்துச் சொன்னேன். அப்புறம் அம்புக்குறி தானாக நகர்ந்தது. என் கை மடியில் இருந்தது. அது மெதுவாக ஒவ்வொரு கோப்புறையாகத் தொட்டுக்கொண்டு போய், என் கணவரின் படங்கள் இருக்கும் கோப்புறை மேல் ஒரு கணம் நின்றது. அவர் இறந்தபின் நானே அதிகம் திறக்காத கோப்புறை.

ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார். சிவப்பு வட்டங்களும் மஞ்சள் முக்கோணங்களுமாக நூற்றுக்கணக்கில். எல்லாம் வைரஸ் செய்த சேதமாம். எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. "நீங்க நிஜமா மைக்ரோசாஃப்ட்டிலிருந்துதான் பேசறீங்களா?" என்று கேட்டேன். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினார். மூன்று எட்டுகளில் தொடங்கும் நீளமான எண் வந்தது. "இது உங்க கம்ப்யூட்டருக்கு மட்டுமே உள்ள எண். என் பதிவுல இருக்கறதை வாசிக்கறேன், சரி பாருங்க" என்றார். ஓர் எழுத்து பிசகவில்லை. அதில்தான் நம்பிவிட்டேன்.

மூன்றாண்டுப் பாதுகாப்புக்கு என்று கார்டு எண்ணைக் கொடுத்தேன். ஒரு மாத ஓய்வூதியத்தைவிடக் கூடுதல்.

மார்ச் 5, புதன்

மகள் பேசினாள். "ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். சளி என்றேன்.

மார்ச் 8, சனி

அதே குரல். அவருடைய பிரிவை மூடுகிறார்களாம், கட்டிய பணத்தைத் திருப்பித் தருகிறார்களாம். புதனிலிருந்தே அடிவயிற்றில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது போலிருந்தது. வங்கிக் கணக்கைத் திறக்கச் சொன்னார், திறந்தேன். திரை சற்று நேரம் இருண்டது. திரும்பி வந்தபோது இருப்பு பத்து மடங்காகத் தெரிந்தது.

"ஐயோ மேடம், ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன். என் வேலை போயிடும்" என்று அழுதார். கூடுதலாக வந்ததைக் கிஃப்ட் கார்டுகளாக வாங்கி, சுரண்டினால் தெரியும் எண்களைப் படித்துச் சொன்னால் போதுமாம். எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. பையை எடுத்துவிட்டேன்.

"கடையில எதுக்குன்னு கேட்டா, சொந்தக்காரங்க பிள்ளைங்களுக்குப் பரிசுன்னு சொல்லுங்க. வீட்டிலயும் அதையே சொல்லுங்க."

அங்கேதான் நின்றேன். வேலை போகிறதே என்று அழுகிற மனிதர் எதற்காக என்னைப் பொய் சொல்லச் சொல்கிறார்? மூன்று நாளாக மகளிடம் சொல்லிவந்த பொய்யே எனக்குத் தொண்டையில் இருந்தது. இணைப்பைத் துண்டித்து அவளைக் கூப்பிட்டேன். அழாமல் சொல்ல முடியவில்லை.

"முதல்ல நெட் வயரைப் பிடுங்கும்மா" என்றாள். அடுத்தது வங்கி. கார்டையும் கணக்கையும் முடக்கினோம். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் தொடாமல், போனிலிருந்து மாற்றினேன். திட்டுவாள் என்றுதான் இத்தனை நாள் பயந்திருந்தேன். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகள் வந்தாள். தன் மடிக்கணினியில் இவென்ட் வியூவர் என்பதைத் திறந்தாள். அங்கேயும் சிவப்பு, மஞ்சள். ஏதோ ஒரு சேவை தாமதமாகத் தொடங்கினால்கூட விண்டோஸ் அதில் குறித்து வைக்குமாம், நல்ல கணினியிலும் இருக்குமாம். பிறகு கறுப்புத் திரையில் 'அசாக்' (assoc) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினாள். என் 'தனி' எண் அவள் திரையில் வந்தது! 'அனுப்பு' என்ற மெனுவுக்காக விண்டோஸ் கணினிகளில் பொதுவாக இருக்கும் வரி அது. அவர் என்னிடம் வாசித்ததை யாரிடம் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

வங்கிப் பக்கத்தையும் காட்டினாள். வலது சொடுக்கில் 'இன்ஸ்பெக்ட்' போய் இருப்புத் தொகையின் எண்ணைத் திருத்தினாள். அவள் கோடீஸ்வரி ஆனாள். பக்கத்தைப் புதுப்பித்ததும் பழைய எண் வந்துவிட்டது. வங்கியில் எதுவும் மாறவில்லை, திரையில் உள்ள எழுத்து மட்டும்தான் மாறியது. அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. என் இரக்கத்தையல்லவா அவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

செவ்வாயன்று எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்திருந்தாலே முழுத்திரை விலகியிருக்கும் என்றாள். மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண்ணே இருக்காதாம். இரண்டு வரி. யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

மார்ச் 11, செவ்வாய்

படங்களை மட்டும் பத்திரப்படுத்திவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவினோம். அவர்களுடைய மென்பொருள் கணினியோடு சேர்ந்தே தொடங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. ஆக, அத்தனை நாளும் வாசல் திறந்தே கிடந்திருக்கிறது. அந்தக் கோப்புறையை உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

மார்ச் 14, வெள்ளி

இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று வேறொருவர் பேசினார். நான் ஏமாந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது? ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுமாம். வைத்துவிட்டேன்.

காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்ட பெண், "தேதி, நேரம் ஏதாவது ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டார். இந்தக் குறிப்பேட்டை நீட்டினேன். படி எடுக்கும்போது 5ஆம் தேதிப் பக்கத்தைத் தள்ளிவிடலாமா என்று யோசித்தேன். அதையும் சேர்த்தே கொடுத்தேன்.