நாடகம் தோல்வியில் முடியட்டும்

விழிப்புணர்வு நாடகம் என்றாலே ஒரு வார்ப்பு இருக்கிறது. குடிகாரக் கணவன் தள்ளாடி வருவான், மனைவி அழுவாள், படித்த இளைஞர் ஒருவர் வந்து புத்தி சொல்வார், கணவன் திருந்துவான், எல்லோரும் கைகோத்துப் பாடுவார்கள். கூட்டம் கைதட்டிவிட்டுக் கலையும். அன்று ராத்திரி எந்த வீட்டிலும் ஒரு துரும்பும் அசைந்திருக்காது. அந்தக் கணவன் ஏன் திருந்தினான் என்பது நாடகத்துக்கே தெரியாது. எழுதியவருக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது, அதனால் திருந்தினான்.

இதற்கு நேர்மாறான முறை ஒன்று உண்டு, விவாத அரங்கு (Forum Theatre). அதில் நாடகம் தோல்வியில்தான் முடியும். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் யாரும் 'நிறுத்துங்க' என்று சொல்லலாம். சொன்னவர் எழுந்து வந்து, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று, தனக்குத் தோன்றும் வழியை நடித்துப் பார்ப்பார். எதிராளியாக நடிப்பவர் விட்டுக்கொடுக்க மாட்டார். வழி எடுபடுகிறதா, எங்கே உடைகிறது என்பது எல்லோர் கண்முன்னும் தெரிந்துவிடும்.

பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போவால் 1970-களில் உருவாக்கிய முறை இது. அதற்கு முன் அவரும் உபதேச நாடகம்தான் போட்டுக்கொண்டிருந்தார். 1960-களில் அந்நாட்டின் வடகிழக்கில், நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியை உயர்த்திப் பாடும் நாடகம் ஒன்று. முடிந்ததும் ஒரு விவசாயி உருகிப்போய் வந்து, 'உங்கள் துப்பாக்கிகளோடு வாருங்கள், நிலத்தைப் பிடுங்கியவனை இன்றே விரட்டுவோம்' என்றார். இவை மேடைக்கான பொய்த் துப்பாக்கிகள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. 'பரவாயில்லை, எங்களிடம் இருக்கிறது, நீங்கள் வந்தால் போதும்' என்றார் அவர். நாடகக் குழு போகவில்லை. தான் எடுக்கத் துணியாத ஆபத்தை அடுத்தவர் தலையில் கட்டும் நாடகம் இனி வேண்டாம் என்று போவால் முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்த திருப்பம் 1973-ல், பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணிடம் அவள் கணவன் வீடு கட்டுவதாகச் சொல்லி மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு, ரசீது என்று சில காகிதங்களைக் கொடுத்துவைத்திருந்தான். படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியபோதுதான் அவை இன்னொரு பெண் எழுதிய காதல் கடிதங்கள் என்று தெரிந்தது. அவன் திரும்பி வந்தால் அவள் என்ன செய்யலாம்? பார்வையாளர்கள் யோசனை சொல்ல, நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். ஒரு பெண் மட்டும், 'அவனோடு தெளிவாகப் பேச வேண்டும், அப்புறம்தான் மன்னிக்க வேண்டும்' என்றாள். எத்தனை விதமாக நடித்தும் அவளுக்குத் திருப்தி இல்லை. கடைசியில் நீங்களே வந்து காட்டுங்கள் என்றார்கள். அவள் சொன்ன 'தெளிவான பேச்சு' என்பது துடைப்பக்கட்டையால் சாத்துவது! அவள் வாயால் சொன்னதை இன்னொருவர் நடிப்பில் மொழிபெயர்க்கவே முடியாது என்பது அன்று விளங்கியது. பார்வையாளர் மேடையேறும் வழக்கம் இப்படித்தான் பிறந்தது.

அது எழுத்தறிவுத் திட்டத்தில் நடந்தது தற்செயல் இல்லை. அத்திட்டம் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் வழியில் வந்தது. 1963-ல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் அவர் குழு சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. அகர வரிசையிலிருந்து தொடங்குவது அவர் வழக்கமில்லை. மக்கள் வாயில் புழங்கும் சொற்களை முதலில் சேகரிப்பார்கள். செங்கல்லைக் குறிக்கும் 'திஜோலோ' அப்படி ஒரு சொல். முதலில் கட்டட வேலையின் படத்தைக் காட்டி, யார் கட்டுகிறார்கள், யார் குடியிருக்கிறார்கள் என்று பேசவிடுவார்கள். பிறகுதான் சொல். அதைத் தி, ஜோ, லோ என்று உடைத்து, த-தெ-தி-தொ-து என்று ஒவ்வொன்றின் குடும்பத்தையும் வரிசையாக வைத்தால், கற்பவர்களே அவற்றைச் சேர்த்துப் புதுச் சொற்கள் செய்துவிடுவார்கள். விவாத அரங்கில் அந்தப் படத்தின் வேலையை நாடகம் செய்கிறது.

இனி, செய்முறை.

கதை சேகரிக்க 8 முதல் 15 பேர், இரண்டு மணி நேர அமர்வுகள் குறைந்தது இரண்டு வேண்டும். 'உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் ஏற்கெனவே பலமுறை சொல்லித் தேய்ந்த வாக்கியங்கள்தான் வரும். பேசாமல் சிலை செய்யச் சொல்லுங்கள். நிலைமை இன்று இருப்பது ஒரு சிலை, இருக்க வேண்டியது ஒரு சிலை, இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது. பள்ளிப் படிப்பை நிறுத்தப் பார்க்கும் ஒரு வீட்டின் சிலையில் அப்பாவின் கை மகளின் தலைமேல் இருக்கிறது என்று வையுங்கள். பாதிப் பேர் ஆசீர்வாதம் என்பார்கள், பாதிப் பேர் அமுக்குகிறார் என்பார்கள். உங்கள் நாடகம் அந்தக் கைக்குள் இருக்கிறது.

ஒருவர் சொந்தக் கதையை அப்படியே போடவே கூடாது. இரண்டு மூன்று கதைகளைக் கலந்து, வயது, தொழில், குடும்ப அளவு எல்லாவற்றையும் மாற்றி, பிறகு கதை சொன்னவர்களிடமே காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும். அவர்கள் தங்கள் பாத்திரத்தைத் தாங்களே நடிக்கவும் வேண்டாம். மேடையில் ஆறு முறை தோற்பது நடிகருக்கு வேலை, பட்டவருக்கு அது வதை.

எழுதும்போது ஒரே வரியில் சோதித்துப் பாருங்கள்: யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார், அவருக்கு என்ன பயம் அல்லது என்ன லாபம்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது வில்லன், மனிதர் இல்லை. 'பெண்ணுக்கு எதற்குப் படிப்பு' என்று மட்டும் சொல்லும் அப்பாவை யாரும் ஜெயித்துவிடலாம். 'கடன்காரன் வாசலில் நிற்கிறான், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, ஒரு வருஷம்தானே கேட்கிறேன்' என்று சொல்லும் அப்பாவிடம்தான் கூட்டம் திணறும்.

தோல்விக்கு முன் குறைந்தது மூன்று இடங்களில் கதவு திறந்திருக்க வேண்டும். ஆசிரியை வீட்டுக்கு வருகிறார், மகள் உள்ளே போய்விடுகிறாள். அம்மா தனியாக இருக்கும்போது மகள் கேட்க ஆரம்பித்து நிறுத்திவிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிறார். பார்ப்பவருக்கு 'அடடா, அங்கே பேசியிருக்கலாமே' என்று உறுத்த வேண்டும். கழுத்தில் கத்தி வைத்தாகிவிட்ட காட்சியை வைத்து விவாத அரங்கு நடத்த முடியாது. கத்தி வருவதற்கு முந்தைய நாளுக்குப் போக வேண்டும்.

நான்கிலிருந்து ஆறு நடிகர்கள், 15 முதல் 20 நிமிட நாடகம், அதன்பின் 45 நிமிடமாவது விவாதம். உயர்ந்த மேடை வேண்டாம். ஏறிவரப் படிக்கட்டு இருந்தாலே பாதிப் பேர் வர மாட்டார்கள். மூன்று பக்கமும் ஆட்கள் உட்கார, நடுவில் ஐந்து மீட்டர் தரை போதும். நூறு பேரைத் தாண்டினால் பின்வரிசை வேடிக்கை பார்க்கும் கூட்டமாகிவிடும், ஒலிபெருக்கியும் தேவைப்படும். மைக் வந்துவிட்டால் பேசத் தெரிந்தவர் கையில் அது ஒட்டிக்கொள்ளும்.

நடத்துபவரைச் சீட்டுக்கட்டில் வருவதுபோல் ஜோக்கர் என்பார்கள், எந்தக் கட்சியிலும் சேராதவர் என்பதால். இந்த வேலையில் கெட்டுப்போக நிறைய வாய்ப்பு உண்டு. விதிகளை ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும்: நிறுத்தலாம், மாற்றி நடிக்கலாம், அடிக்கிற மாதிரி நடிக்கலாம் ஆனால் யாரையும் தொடக்கூடாது. அடக்குபவரை மாற்றி நல்லவராக்க அனுமதி இல்லை. அப்படி ஆக்கினால் பிரச்சினையே காணாமல் போய்விடும். பிறகு இரண்டு நிமிடம் கூட்டம் முழுவதையும் கைதட்டல் விளையாட்டு ஏதாவது ஒன்றில் இறக்கி உடம்பை அசைக்கவையுங்கள். அசையாத கூட்டத்தில் யாரும் எழுந்து வர மாட்டார்கள்.

முதல் அமைதி கொடுமையாக இருக்கும். அரை நிமிடம் அரை மணி நேரமாகத் தோன்றும். புது ஜோக்கர்கள் பயந்துபோய்ப் பேசி அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள், அத்தோடு ஆட்டம் முடிந்தது. வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அப்படியும் வரவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லிவிட்டு, யார் கை அதிகம் ஆடுகிறது என்று பாருங்கள். அவரைக் கூப்பிடலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசனை சொல்பவரிடம் ஒரே பதில்: 'வந்து காட்டுங்க.'

வந்தவர் நடித்துவிட்டுப் போகும்போது 'அருமை' என்று சொல்லவே கூடாது. சொன்னால் அடுத்தவர் சரியான விடையைத் தேட ஆரம்பித்துவிடுவார். கேட்க வேண்டியவை இரண்டே: இவர் என்ன முயன்றார்? நம் ஊரில் இது நடக்குமா? திடீரென்று பணக்கார மாமா முளைப்பது, அதிகாரி அதே நொடியில் வந்து நிற்பது போன்றவற்றுக்கு 'மந்திரம்' என்று பெயர். மந்திரமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது கூட்டத்தின் வேலை.

எதிராளி நடிகர்தான் முழு நிகழ்ச்சியின் அச்சாணி. சீக்கிரம் இளகினால் பழைய விழிப்புணர்வு நாடகம் ஆகிவிடும். கடைசிவரை பாறையாக நின்றால் எதுவும் மாறாது என்ற பாடத்தோடு ஜனங்கள் வீடு போவார்கள். அவருக்கு ஒத்திகையிலேயே ஒரு கணக்குக் கொடுத்துவிடுவது நல்லது: கெஞ்சினால் இம்மியும் நகராதே, கத்தினால் இன்னும் இறுகு, பக்கத்து வீட்டுக்காரரும் ஆசிரியையும் சேர்ந்து வந்து நின்றால் ஓரடி பின்வாங்கு. யாரும் வராமலே ஒத்திகை பார்த்துவிட்டுப் போவதால்தான் நடிகர்கள் அன்று தடுமாறுகிறார்கள். ஒத்திகையில் பாதி நேரம் வெளியாட்களை அழைத்து நிறுத்தச் சொல்லிப் பழக வேண்டும்.

இந்த முறையின்மேல் நியாயமான ஒரு குறை உண்டு. பாதிக்கப்பட்டவரையே மாற்றி மாற்றி நடித்தால், அவள் சாமர்த்தியம் போதாததால்தான் இப்படி ஆனது என்ற எண்ணம் கூட்டத்தில் படிந்துவிடும். அதனால் இரண்டாம் சுற்றில் சும்மா நின்ற பக்கத்து வீட்டுக்காரரை மாற்றி நடிக்கவும் விட வேண்டும். என் பார்வையில் அதுதான் சூடான சுற்று. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் நிஜ வாழ்க்கையில் அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.

ஊர்ப் பெரியவர் எழுந்து பேச ஆரம்பித்தால்? தடுக்காதீர்கள், மரியாதையாக உள்ளே அழைத்து ஒரு பாத்திரம் கொடுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். வந்துவிட்டால் இன்னும் நல்லது.

எல்லாவற்றையும் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து எழுத வேண்டும். எந்த இடத்தில் நிறுத்தினார்கள், என்ன செய்தார்கள், எதிராளி என்ன பதில் சொன்னார், கூட்டம் என்ன சொன்னது என்று நான்கு பத்திகள். யார் செய்தார் என்ற பெயர் வேண்டாம். இந்தத் தாள் இல்லாவிட்டால் அன்றைய நிகழ்ச்சி ஆவியாகிவிடும். ஒரு வாரத்துக்குள், சூடு ஆறுவதற்குள், அதே ஆட்களில் வர விரும்புபவர்களைக் கூட்டி அதை வாசித்து, ஒருவர் தனியே செய்யக்கூடியது, நாலு பேர் சேர்ந்தால் முடிவது, விதி மாறினால்தான் நடப்பது என்று பிரிக்க வேண்டும். மூன்றாவது வகையைக் கைவிடத் தேவையில்லை. போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனீரோ நகரசபை உறுப்பினராக இருந்தபோது, இப்படி அரங்குகளில் வந்த யோசனைகளை வக்கீல்களை வைத்துச் சட்ட வரைவாக்கினார். 13 சட்டங்கள் நிறைவேறின.

மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்கு, அதே நாடகத்தோடு, அப்பா பாத்திரத்தை மட்டும் திருத்திக்கொண்டு போங்கள். சென்ற முறை மகள் சார்பில் சொன்ன வாதங்களுக்கு இதற்குள் நிஜ அப்பாக்கள் பதில் கண்டுபிடித்திருப்பார்கள். நடிகரும் அந்தப் பதில்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வர வேண்டும்.